கடல் நடுவே வயர்லெஸ் கேஸ் டிடெக்டர்: நம்புவதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்து ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் கடலில் எண்ணெய், கேஸ் எடுக்கும் ஆஃப்ஷோர் பிளாட்ஃபார்முக்கு அனுப்புகிறார்கள். வயர்லெஸ் கேஸ் டிடெக்டர்களைப் பொருத்தி டெஸ்ட் செய்யும் வேலை. வயரே இல்லாத ஒன்றை இத்தனை பேர் உயிருக்குக் காவலாக நம்பலாமா? கரையில் டெஸ்ட் செய்து சர்ட்டிஃபிகேட்டோடு வருவதைக் கடலில் ஏன் திரும்பவும் டெஸ்ட் செய்ய வேண்டும்? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்வது?"

நம்பலாம் தம்பி, இரண்டு நிபந்தனைகளோடு. கேஸ் வெளியிலிருந்து டிடெக்டருக்குள் நுழைவதில் தொடங்கி, கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்து, மூட வேண்டிய வால்வுக்குக் கட்டளை போவது வரை முழுச் சங்கிலியையும் அந்த பிளாட்ஃபார்மிலேயே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம், டிடெக்டர் பேசாமல் போனால் எத்தனை நொடியில் நமக்குத் தெரிய வருகிறது என்பதைக் கடிகாரம் வைத்து அளந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வயர்லெஸ்ஸில் எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுதான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலிலும் வளைகுடாவிலும் இந்த வேலை பார்த்துவிட்டு இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். நம் கரைக்காரர்களுக்கு இது எங்கோ நடக்கும் தொழில் இல்லை. காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பி.ஒய்-1 வயலிலிருந்து எடுத்த கேஸைக் கடலடிக் குழாயில் பிள்ளைப்பெருமாநல்லூர் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடலூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று ஏதோ ஒரு கடலில் இந்த டிடெக்டர்களை நம்பித்தான் தூங்குகிறார்கள். அவர்கள் வீட்டாரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வயர்லெஸ் ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பிளாட்ஃபார்மில் ஒரே ஒரு டிடெக்டரைக் கூடுதலாக வைக்க வேண்டுமென்றால் கருவியின் விலை பெரிய செலவே இல்லை. கேபிளுக்கு டிரே வேண்டும், சாரம் கட்ட வேண்டும், வெல்டிங் வேண்டியிருந்தால் அதற்குத் தனி பர்மிட் (எழுத்து மூல அனுமதி), வேலை செய்பவர்கள் தங்கப் படுக்கை வேண்டும். கடலில் படுக்கைக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஆள் தங்காத கிணற்று பிளாட்ஃபார்மில் சோலார் பேனல் தரும் கொஞ்சம் மின்சாரத்தில் வயர் டிடெக்டர்கள் பலவற்றை ஓட்டுவது இன்னும் சிரமம். பேட்டரியில் ஓடி ரேடியோவில் பேசும் கருவி அங்கெல்லாம் உண்மையிலேயே உதவுகிறது. ஷட்டவுன் வேலை, கிணறு பழுதுபார்க்கும் வேலை போன்ற தற்காலிக நாட்களுக்கும் அது நல்லது.

ஆனால் பேட்டரி என்றவுடன் சென்சார் தேர்வு சுருங்கிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடை அளக்கும் மின்வேதி சென்சார் மிகக் குறைந்த மின்சாரம் எடுப்பது. சிக்கல் இல்லாமல் வயர்லெஸ்ஸில் சேர்ந்துகொண்டது. மீத்தேன் போன்ற எரியும் கேஸுக்குத்தான் கஷ்டம். பெல்லிஸ்டர் என்ற பழைய வகை, சூடான ஒரு சின்ன மணியின் மேல் கேஸை எரித்து அளக்கும். எப்போதும் சூடாக இருக்க வேண்டும் என்பதால் பேட்டரியைக் குடித்துவிடும். சிலிக்கோன் ஆவி பட்டால் அந்த மணி செயலிழந்துவிடும். செயலிழந்தது வெளியே தெரியாமல் பூஜ்யமே காட்டிக்கொண்டிருக்கும். இன்ஃப்ராரெட் வகை, ஹைட்ரோகார்பன்கள் 3.3, 3.4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவதை வைத்து அளப்பது. விளக்கு போனாலும் கண்ணாடி மறைந்தாலும் தானே சொல்லிவிடும். பழைய இன்ஃப்ராரெட் கருவிகள் சில வாட் எடுத்ததால் பேட்டரிக்கு ஒத்துவரவில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் இன்ஃப்ராரெட் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. நார்வேயின் காஸ்செக்யூர் நிறுவனம் செய்த வயர்லெஸ் இன்ஃப்ராரெட் கருவி ஒரு பேட்டரியில் சுமார் 2 ஆண்டு ஓடும்படி வந்தது. அந்த நிறுவனத்தை 2015-இல் ஜெர்மனியின் டிரேகர் வாங்கியது. உங்கள் கையில் வரப்போகும் கருவி எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எப்படி டெஸ்ட் செய்வது என்பது அதிலிருந்துதான் தொடங்கும்.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். குழாய்களை இணைக்கும் ஒரு ஃபிளேஞ்சிலிருந்து நொடிக்கு 1 கிலோ மீத்தேன் கசிகிறது என்று வையுங்கள். 60 நொடியில் 60 கிலோ. சாதாரண வெப்பநிலையில் அது கிட்டத்தட்ட 88 கனமீட்டர். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். சராசரியாக 10 சதவீதம் என்று எடுத்தால், அந்த ஒரு நிமிடத்துக் கசிவு சுமார் 880 கனமீட்டர் எரியக்கூடிய கலவையை உண்டாக்கும். பக்கத்துக்கு ஒன்பதரை மீட்டர் உள்ள ஒரு பெட்டி அளவு. காற்று பலமாக வீசினால் கலைந்துவிடும், உண்மைதான். ஆனால் மூன்று பக்கமும் குழாயும் பாத்திரமும் அடைத்த மாடியில் அதை எதிர்பார்க்க முடியாது. கடல் பிளாட்ஃபார்ம்களில் 6 மீட்டர் அகல மேகத்தையே தவறவிடக் கூடாது என்று வைத்து, டிடெக்டர்களை 5 மீட்டர் இடைவெளியில் அமைக்கும் வழக்கம் பிரிட்டனிலிருந்து பரவியது. அப்படியானால் ஒரு நிமிடத் தாமதம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

1988 ஜூலை 6 இரவு வடகடலில் பைப்பர் ஆல்ஃபா வெடித்து 167 பேர் இறந்தார்கள். அங்கேயும் டிடெக்டர்கள் கேஸைக் கண்டுபிடிக்காமல் இல்லை. வெடிப்புக்குச் சற்று முன் கண்ட்ரோல் ரூமில் கேஸ் அலாரங்கள் வந்தன. யாரும் எதுவும் செய்ய நேரம் இருக்கவில்லை. விபத்துக்கு அடிப்படைக் காரணம் பர்மிட் முறையின் ஓட்டைகள் என்று விசாரணை சொன்னது. டிடெக்டர் வேலை செய்பவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரத்தின் மதிப்பு.

வயர் டிடெக்டரில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கேபிளை யாராவது வெட்டினால் கரண்ட் பூஜ்யமாகி, அந்தக் கணமே கண்ட்ரோல் ரூமில் பழுது என்று வரும். வயர்லெஸ் கருவி அப்படி இடைவிடாமல் பேசாது. பேட்டரியை மிச்சப்படுத்த அது தூங்கும், விழிக்கும், அளக்கும், குறித்த இடைவெளியில் அனுப்பும். கேஸ் தெரிந்தால் மட்டும் உடனே அனுப்பும்படி அமைப்பார்கள். அப்படியென்றால் இரண்டு செய்திகளுக்கு நடுவே உள்ள மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்: எல்லாம் நலம், அல்லது கருவி போய்விட்டது. திரையைப் பார்க்கும் ஆபரேட்டருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இங்கேதான் நான் நேரில் கண்ட ஒரு பழுதைச் சொல்ல வேண்டும். எந்த பிளாட்ஃபார்ம் என்பது முக்கியமில்லை. கமிஷனிங், அதாவது புதிய அமைப்பை இயக்கத்துக்குக் கொண்டுவரும் வேலை, நடந்துகொண்டிருந்தபோது ஒரு டிடெக்டரின் பேட்டரியைக் கழற்றினோம். திரையில் பூஜ்யம் சதவீதம், பச்சை நிறம். காத்திருந்தோம். பச்சை மாறவே இல்லை. டிடெக்டர்களின் ரேடியோ செய்திகளை வாங்கிக் கண்ட்ரோல் சிஸ்டத்துக்குக் கொடுக்கும் பெட்டியான கேட்வே, கடைசியாக வந்த மதிப்பைத் தன் பதிவேட்டில் அப்படியே வைத்திருந்தது. கண்ட்ரோல் சிஸ்டம் மாட்பஸ் என்ற தகவல் இணைப்பு வழியாக அந்தப் பழைய எண்ணைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. "கருவியோடு தொடர்பு இல்லை" என்ற தகவல் கேட்வேயில் இருந்தது. ஆனால் அந்தப் பதிவேட்டை யாரும் கண்ட்ரோல் சிஸ்டத்தோடு இணைத்திருக்கவில்லை. டிடெக்டருக்கு எல்லாச் சர்ட்டிஃபிகேட்டும் இருந்தது, கேட்வேக்கும் இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த அந்த ஓட்டை எந்தக் காகிதத்திலும் இல்லை.

அதனால் தம்பி, பிளாட்ஃபார்மில் நீங்கள் செய்யும் முதல் டெஸ்ட் கேஸ் சிலிண்டரைத் தொடாத டெஸ்டாகவே இருக்கட்டும். ஒவ்வொரு டிடெக்டரின் பேட்டரியையும், ஆபத்துப் பகுதி என்றால் உரிய பர்மிட்டோடு, துண்டித்துப் பாருங்கள். கண்ட்ரோல் ரூமில் ஒருவர் கையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருக்கட்டும். பழுது அலாரம் எத்தனை நொடியில் வந்தது என்று எழுதுங்கள். அடுத்து கேட்வேயின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அப்போது எல்லா டிடெக்டர்களும் ஒரே நேரத்தில் பழுது காட்ட வேண்டும். திரும்ப மின்சாரம் கொடுத்தால் எல்லாம் மீண்டும் நெட்வொர்க்கில் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் அளந்துவிடுங்கள். கருவிகள் ஒன்றின் வழியாக ஒன்று செய்தி கடத்தும் மெஷ் நெட்வொர்க் மறுபடி உருவாகப் பல நிமிடங்கள் ஆகலாம். அந்த நிமிடங்களில் கண்காணிப்பே கிடையாது என்பது ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எழுதப்பட்டும் இருக்க வேண்டும்: இரண்டாவது கேட்வேயா, கையில் போர்ட்டபிள் டிடெக்டரோடு ஆள் சுற்றுவதா, சூடான வேலைகளை நிறுத்துவதா என்று.

கேஸ் தெரிந்ததும் தானாகவே வால்வுகளை மூடி ஷட்டவுன் செய்யும் வேலைக்கு வயர்லெஸ்ஸைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள். செய்தியில் பாதுகாப்பு அடுக்கு இருக்கிறதா? இதை பிளாக் சேனல் முறை என்பார்கள். நடுவில் இருக்கும் ரேடியோவையும் கேட்வேயையும் கொஞ்சமும் நம்பாமல், இரு முனைகளும் மட்டும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் முறை அது. ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண், பிழை கண்டறியும் எண், குறித்த காலக்கெடு எல்லாம் இருக்கும். கெடுவுக்குள் சரியான செய்தி வரவில்லை என்றால் அது பழுது என்றே கணக்கு. பாதுகாப்பான நிலைக்கு சிஸ்டம் போய்விடும். இப்படி முனையிலிருந்து முனை வரை சில்-2 (பாதுகாப்பு அமைப்பின் நம்பகத்தன்மையைக் குறிக்கும் தர நிலை) தகுதி பெற்ற அமைப்புகளுக்கு ஷட்டவுன் பொறுப்பைக் கொடுக்கலாம். அது இல்லாத வயர்லெஸ்ஸை எச்சரிக்கைக்கும் கண்காணிப்புக்கும் மட்டும் வையுங்கள் என்பதே என் கருத்து. ஏற்கெனவே கேபிள் இருக்கும் இடத்தில் வயர் டிடெக்டரைக் கழற்றிவிட்டு வயர்லெஸ் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரேடியோவுக்கு வருவோம். பெரும்பாலும் வயர்லெஸ்ஹார்ட் அல்லது ஐ.எஸ்.ஏ.100 முறையில் இருக்கும். சர்வதேசத் தர எண்படி முதலாவது ஐ.இ.சி. 62591, இரண்டாவது ஐ.இ.சி. 62734. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சேனல் மாற்றி மாற்றிப் பேசும். இந்தியாவில் அந்த அலைவரிசைக்குத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை, கருவிக்கு மத்திய அரசின் ரேடியோ அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் ஒப்புதல் வேண்டும். வெடிக்கும் கேஸ் இருக்கக்கூடிய இடத்தில் வைப்பதால் வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான பெசோவின் ஒப்புதலும் வேண்டும். அதே 2.4-இல்தான் தங்குமிடத்து வைஃபையும் ஓடுகிறது. அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். சுற்றிலும் இரும்பு என்பதால் அலை பல பக்கமும் மோதித் திரும்பும். ஒரு இடத்தில் வலுவாக இருக்கும் சிக்னல் ஒரு சாண் தள்ளினால் விழுந்துவிடும். இதை ஆபீஸில் உட்கார்ந்து படத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

முக்கியமானது, பிளாட்ஃபார்ம் இன்று இருப்பது போல் நாளை இருக்காது. கமிஷனிங் அன்று மாடி காலியாக இருக்கும். அடுத்த வாரம் சப்ளை போட் வந்து கிரேன் நான்கு கன்டெய்னர்களை அதே இடத்தில் இறக்கும். பெயின்டிங் ஆட்கள் சாரம் கட்டித் தார்ப்பாய் போடுவார்கள். மழையில் நனைந்த தார்ப்பாய் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு நல்ல தடுப்பு. அதனால் ஒரே நாளில் சிக்னல் பார்த்து "நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போடாதீர்கள். கிரேன் வேலை, சரக்கு இறக்கும் நாள், கொட்டும் மழை எல்லாம் உள்ளடங்கும்படி சில வாரங்களுக்குப் பதிவு எடுத்துப் பாருங்கள். எத்தனை செய்தி தொலைந்தது, எந்தப் பாதை அடிக்கடி மாறியது என்று கேட்வே சொல்லும்.

ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது மூன்று அண்டைக் கருவிகளாவது பேசும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது வயர்லெஸ்ஹார்ட் அமைப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி. அதைப் படத்தில் பார்த்து நம்பாமல், நடுவில் இருக்கும் ஒரு கருவியை வேண்டுமென்றே நிறுத்துங்கள். அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்தவை எல்லாம் வேறு வழி கண்டுபிடிக்கின்றனவா, எவ்வளவு நேரத்தில்? ஒன்று விழுந்தால் ஐந்து மௌனமாகிறது என்றால் அங்கே செய்தியை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் கட்டாயம் வேண்டும். நடுவில் இருக்கும் கருவிகள் மற்றவற்றின் செய்திகளையும் சுமப்பதால் அவற்றின் பேட்டரிதான் முதலில் தீரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரியின் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்துவிட்டுத் திடீரென விழும். மல்டிமீட்டரில் 3.6 வோல்ட் காட்டுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். ஓடிய காலத்தை வைத்து மாற்றுங்கள்.

சரி, இப்போது கேஸ். பம்ப் டெஸ்ட் (bump test) என்றால் தெரிந்த அளவு கேஸைக் காட்டி டிடெக்டர் அலாரம் வரை போகிறதா என்று பார்ப்பது. கேலிப்ரேஷன் என்றால் அளவைச் சரிசெய்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, டிடெக்டர் குறைவாகக் காட்டினால் உடனே அட்ஜஸ்ட் செய்துவிட்டு "பாஸ்" என்று எழுதுவது தப்பு. சரிசெய்யும் முன் என்ன காட்டியது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். அதை எழுதிய பிறகே ஸ்க்ரூவையோ கீபேடையோ தொடுங்கள்.

பம்ப் டெஸ்டில் எல்லோரும் செய்வது, டிடெக்டரின் முகத்தில் கேலிப்ரேஷன் கப்பை மாட்டி, குழாய் வழியாக நிமிடத்துக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை கேஸ் விடுவது. கடல் காற்றில் கப் இல்லாமல் செய்ய முடியாது, கேஸ் பறந்துவிடும். ஆனால் கப்பை மாட்ட முன்னால் இருக்கும் தண்ணீர் தடுப்பு மூடியையும் ஃபில்டரையும் கழற்றிவிடுகிறார்கள். அல்லது மூடிக்குப் பின்னால் இருக்கும் டெஸ்ட் துளை வழியாக நேராக சென்சாருக்குக் கேஸ் கொடுக்கிறார்கள். சென்சார் பாஸ் ஆகிறது. அந்த ஃபில்டரில் உப்பு கட்டி அடைத்திருந்தால்? பெயின்ட் துளி மூடியிருந்தால்? உண்மையான கசிவில் கேஸ் அந்த வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்! ஸ்ப்ரே பெயின்டிங்குக்காகக் கட்டிய பாலித்தீன் பை, வேலை முடிந்தும் டிடெக்டரின் தலையில் அப்படியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பையைக் கழற்றி, டெஸ்ட் செய்து, பாஸ் என்று எழுதிவிட்டால், எத்தனை நாள் அது குருடாக இருந்தது என்பது பதிவில் வராமலே போய்விடும். அதனால் முதலில் இருந்த நிலையிலேயே, மூடியும் ஃபில்டரும் மாட்டியபடியே, வெளியிலிருந்து கேஸ் காட்டுங்கள். அதற்கேற்ற பெரிய கப் தயாரிப்பாளரிடம் கிடைக்கும். எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். போன தடவையைவிட மெதுவாக ஏறினால் வழி அடைபடுகிறது என்று அர்த்தம். கடைசி எண் சரியாக இருந்தாலும் அது எச்சரிக்கைதான். கடலூர் துறைமுகத்துப் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் அரித்துப்போகிறது என்று உங்களுக்கே தெரியும். நடுக்கடலில் அதைவிட வேகம்.

சிலிண்டர் விஷயத்தில் கவனம் தேவை. மீத்தேனின் கீழ் எரிவரம்பை, அதாவது எல்.இ.எல்லை, ஒரு சாரார் 5 சதவீதம் என்று எடுப்பார்கள், ஐ.இ.சி. தரத்தில் அது 4.4 சதவீதம். 50 சதவீத எல்.இ.எல் என்ற லேபிள் ஒரு சிலிண்டரில் 2.5 சதவீத மீத்தேனையும் இன்னொன்றில் 2.2 சதவீதத்தையும் குறிக்கலாம். டிடெக்டர் எந்தக் கணக்கில் அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் டெஸ்ட் செய்தால் நல்ல கருவி ஃபெயிலாகும், கெட்டது பாஸாகும். எப்போதும் லேபிளில் இருக்கும் கன அளவு சதவீதத்தைப் பாருங்கள். பெல்லிஸ்டருக்கு ஆக்ஸிஜன் வேண்டும், ஆகவே காற்றில் கலந்த மீத்தேன். இன்ஃப்ராரெட்டுக்கு நைட்ரஜனில் கலந்ததும் போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடு சிலிண்டர் காலாவதியாகும். ஈரமும் சில உலோகங்களும் அந்தக் கேஸை உறிஞ்சிவிடும். துருப்பிடிக்காத எஃகு ரெகுலேட்டரும் டெஃப்லான் குழாயும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்த ரப்பர் ட்யூபைச் செருகினால் கேஸின் ஒரு பங்கு ட்யூபிலேயே நின்றுவிடும், சென்சாரைக் குறை சொல்வோம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கடலூர் சிப்காட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வாசனையை வைத்தே கேஸ் வருகிறது என்று சொல்லும் பழக்கம் உண்டு. இந்தக் கேஸில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்து, வாசனையே தெரியாமல் போகும். ஆள் "போய்விட்டது" என்று நினைக்கும்போதுதான் கேஸ் கூடியிருக்கும். அலாரத்தை 10 பி.பி.எம். அளவிலேயே வைப்பது அதனால்தான். மீத்தேன் காற்றைவிட லேசானது, இது காற்றைவிட கனமானது; டெஸ்ட் செய்யப் போகும் இடத்தில் டிடெக்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

கேஸ் காட்டும்போது வாக்கி-டாக்கியில் கண்ட்ரோல் ரூமை அழைத்து, "எந்த டிடெக்டர் அலாரம் வந்தது, எந்த இடம்?" என்று கேளுங்கள். நீங்கள் பெயரைச் சொல்லி "வந்ததா?" என்று கேட்கக் கூடாது, அவர்கள் சொல்ல வேண்டும். வயர்லெஸ்ஸில் கருவியைக் கழற்றி மாட்டுவது சுலபம் என்பதால் இரண்டின் பெயர்கள் இடம் மாறிப்போவதும் சுலபம். கம்ப்ரஸர் அறையில் கேஸ் காட்டினால் திரையில் கிணற்று மாடி என்று வந்தால், நிஜ விபத்தில் தீயணைப்புக் குழு தவறான மாடிக்கு ஓடும்.

கரையில் டெஸ்ட் செய்தது போதாதா என்று கேட்டீர்கள். கரை டெஸ்டைக் குறைத்துச் சொல்லவில்லை. ஐ.இ.சி. 60079-29-1 படி ஆய்வகத்தில் வெப்பம், ஈரப்பதம், அதிர்வு, அழுத்தம் எல்லாம் மாற்றிப் பார்ப்பதைப் பிளாட்ஃபார்மில் யாராலும் செய்ய முடியாது. ஆனால் ஆய்வகத்தில் அந்த மாடியின் இரும்பு இல்லை, அந்த கேட்வே இணைப்பு இல்லை, அந்த உப்பு இல்லை. இடையில் ஒரு படி வைக்க முடிந்தால் மிகவும் நல்லது: ஒன்றிரண்டு கருவிகளைக் கடற்கரையில் திறந்த வெளியில் சில மாதம் மாட்டிவைப்பது. புதுச்சேரி, கடலூர் கரையில் வடகிழக்குப் பருவமழையும் அடுத்து வரும் மார்கழிப் பனியும் சேர்ந்து நல்ல சோதனை கொடுக்கும். வயர் இன்ஃப்ராரெட்டில் கண்ணாடியில் பனி படியாமல் இருக்கச் சின்ன ஹீட்டர் வைப்பது வழக்கம். பேட்டரிக் கருவிக்கு அந்த வசதி கட்டுப்படியாகாது. விடியற்காலை ஐந்து மணிக்கு அது என்ன காட்டுகிறது என்பதைப் பகல் பத்து மணி டெஸ்ட் சொல்லாது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வெளியே தெரியாமல் கெட்டுப்போகும் வாய்ப்பு ஒரு கருவிக்கு நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம், அதாவது வருடத்துக்கு 0.01. தேவைப்படும் நேரத்தில் அது செயலிழந்து இருக்கும் சராசரி வாய்ப்பு, அந்த எண்ணை டெஸ்ட் இடைவெளியால் பெருக்கி இரண்டால் வகுத்தால் வரும். வருடம் ஒருமுறை டெஸ்ட் என்றால் 0.005; ஆறு மாதம் என்றால் 0.0025. சில்-2 எல்லை 0.01-க்குக் கீழ். ஆனால் அது டிடெக்டருக்கு மட்டுமல்ல, கேட்வே, லாஜிக், வால்வு எல்லாம் சேர்ந்த எல்லை. டிடெக்டருக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். இதே கணக்கில் 100 கருவிகள் உள்ள பிளாட்ஃபார்மில் சராசரியாக வருடத்துக்கு ஒன்று யாருக்கும் தெரியாமல் செத்திருக்கும் என்பதையும் பாருங்கள். இன்ஃப்ராரெட்டுக்கு ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், மின்வேதி சென்சாருக்கு மூன்று மாதம் என்று தொடங்கி, முதல் சில சுற்றுகளில் கிடைக்கும் "சரிசெய்யும் முன்" எண்களை வைத்து நீட்டவோ குறுக்கவோ செய்யலாம். தயாரிப்பாளர் இதைவிடக் குறைவான இடைவெளி சொன்னால் அதுதான் சட்டம். "தானே சோதித்துக்கொள்ளும், டெஸ்ட் வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால், அந்தத் தானியங்கிச் சோதனை அடைபட்ட ஃபில்டரைக் கண்டுபிடிக்குமா என்று கேளுங்கள்.

ஆள் தங்காத பிளாட்ஃபார்ம்களில் இடைவெளியைக் கடலும் தீர்மானிக்கும். மும்பைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் போட் அணைவது கஷ்டம்; நம் சோழமண்டலக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே நிலை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பருவத்துக்கு முன்பே டெஸ்டும் பேட்டரி மாற்றமும் முடிந்திருக்க வேண்டும்.

டெஸ்ட் நாளில் ஷட்டவுன் ஆகாமல் இருக்க டிடெக்டரின் அலாரத்தைத் தற்காலிகமாக முடக்கிவைப்பார்கள், இதை இன்ஹிபிட் போடுவது என்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் போடுங்கள், போட்ட நேரமும் எடுத்த நேரமும் எழுதி, எடுத்ததைக் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டரே கையெழுத்திடட்டும். ஷிஃப்ட் மாறும்போது திறந்திருக்கும் இன்ஹிபிட் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த ஷிஃப்ட்காரரிடம் வாயால் சொல்லி, எழுதியும் கொடுங்கள்.

கிளம்பும் முன் கான்ட்ராக்டரிடம் மூன்று காகிதம் கேட்டு வாங்குங்கள்: எந்த அலாரம் வந்தால் எது மூடும் என்று காட்டும் காஸ் அண்ட் எஃபெக்ட் சார்ட், கேட்வேயிலிருந்து கண்ட்ரோல் சிஸ்டத்துக்குப் போகும் மாட்பஸ் பட்டியல், போன சுற்று டெஸ்ட் பதிவுகள். மாட்பஸ் பட்டியலில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் அளவோடு கூடத் தொடர்பு நிலைக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள், இல்லையென்றால் இப்போதே கேளுங்கள். கேலிப்ரேஷன் சிலிண்டரை ஹெலிகாப்டரில் உங்களோடு எடுத்துப்போக விட மாட்டார்கள், சப்ளை போட்டில்தான் வரும். உங்களுக்கு முன்பே அது போய்ச்சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள், காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டு.